கொதிக்க வைத்தால் எண்டோடாக்சின் (பாக்டீரியாவின் உறையில் இருக்கும் நச்சு) போகுமா, போகாதா?

பழைய_பிப்பெட்:
நேற்று வெண்திரை இங்கே போட்ட பதிவைப் படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. "மனித எச்எஸ்பி70 ரீகாம்பினன்ட் புரோட்டீனை (ஜீனை வேறு செல்லில் புகுத்திச் செய்தது) மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்பு செல் மேல் போட்டோம், டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரோட்டீனைக் கொட்டியது. அதையே கொதிக்க வைத்துப் போட்டோம், ஒன்றும் வரவில்லை. ஆக, தூண்டுவது புரோட்டீன்தான், எண்டோடாக்சின் இல்லை" என்கிறார். 20 வருசத்துக்கு முன் புதைத்ததை ஏன் மறுபடி தோண்டுகிறீர்கள்? அந்தப் புரோட்டீனைச் செய்தது ஈ.கோலை பாக்டீரியாவில். ஈ.கோலையின் வெளிச்சவ்வின் வெளிப்பக்கம் பெரும்பாலும் எண்டோடாக்சின்தான், சுத்திகரிக்கும்போது கூடவே ஒட்டிக்கொண்டு வரும். 2003ல் காவோ, சான் என்ற ஆய்வாளர்கள் இருவரும் நன்றாகச் சுத்தம் செய்த எச்எஸ்பி70-ஐப் போட்டுப் பார்த்தார்கள். டிஎன்எஃப் வரவில்லை.

வெண்திரை:
மேடம், அடிப்படையிலிருந்து வாருங்கள். கண்ணாடிச் சாமானில் எண்டோடாக்சினை அழிக்க 250 டிகிரி உலர் சூட்டில் அரை மணி நேரம் வைக்கிறோம். ஆட்டோகிளேவில் அழுத்த நீராவி போட்டால்கூட முழுசாகப் போகாது. வெறும் 100 டிகிரி கொதியில் போய்விடுமா? கெட்டுப்போனது புரோட்டீன். இதில் என்ன குழப்பம்?

பழைய_பிப்பெட்:
குழப்பம் உங்களுக்குத்தான். எண்டோடாக்சின் ரொம்பக் கொஞ்சமாக இருக்கும்போது கொதிக்க வைத்தால் அதன் வீரியமும் விழும். அந்த 2003 வேலையிலேயே இதைக் காட்டிவிட்டார்கள். உங்கள் புரோட்டீனோடு வந்த டேட்டாஷீட்டில் "மைக்ரோகிராமுக்கு 1 இ.யூ.வுக்கு (எண்டோடாக்சினை அளக்கும் அலகு) கீழ்" என்று இருக்கிறது. நீங்கள் போட்டது மில்லிக்கு 10 மைக்ரோகிராம். அதாவது 10 இ.யூ. வரை போகலாம், ஏறக்குறைய 1 நானோகிராம் எண்டோடாக்சின். மேக்ரோஃபேஜுக்கு அதுவே தாராளம். அந்த 1 நானோகிராமைத் தனியாக எடுத்துக் கொதிக்க வைத்துப் போட்டுப் பார்த்தீர்களா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று சொல்லுங்கள்.

வெண்திரை:
250 டிகிரி. திரும்பவும் சொல்கிறேன், 250. எண்டோடாக்சினை முடக்குகிற பாலிமிக்சின் பி மருந்தைச் சேர்த்தும் பார்த்தோம், டிஎன்எஃப் பாதிக்கு மேல் அப்படியே நின்றது. அதற்கு என்ன பதில்?

பழைய_பிப்பெட்:
பாலிமிக்சின் பி எண்டோடாக்சினைப் பிடிக்கும். கூடவே வந்து அதேபோல் தூண்டுகிற ஈ.கோலையின் மற்றப் புரோட்டீன்களை, ஃபிளஜெல்லினையும் லிப்போபுரோட்டீனையும், அதுவா பிடிக்கும்? நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

முதலாண்டு:
அக்கா, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஈ.கோலைக்குப் பதில் ஹெக்293 என்ற மனித செல்லில் செய்த புரோட்டீன் வாங்கினால் இந்தத் தலைவலி இருக்காதா? எங்களுக்கு வந்த சின்னக் குப்பியில் புரோட்டீன் தூளே கண்ணுக்குத் தெரியவில்லை, காலியாக அனுப்பிவிட்டார்களோ என்று பயமாக இருக்கிறது.

பழைய_பிப்பெட்:
காலியில்லை தம்பி. பத்து மைக்ரோகிராம் என்றால் சுவரில் மெல்லிய படலமாகத்தான் ஒட்டியிருக்கும், சில சமயம் மூடியிலும் இருக்கும். திறக்கும் முன் ஒரு தடவை சென்ட்ரிஃபியூஜில் சுற்றுங்கள். கரைக்கும்போது வோர்டெக்ஸில் வேகமாகக் குலுக்க வேண்டாம். ஹெக்293 நல்லதுதான், ஈ.கோலை பிரச்சினை குறையும். ஆனால் நீங்கள் கரைக்கிற தண்ணீரிலேயே எண்டோடாக்சின் இருந்தால் எதில் செய்து என்ன பயன்? எண்டோடாக்சினைக் காட்டுகிற லிம்யூலஸ் டெஸ்ட் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

கடலோரத்தான்:
லிம்யூலஸ் டெஸ்ட் என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டீர்கள். குதிரைலாட நண்டைப் பிடித்து, கட்டிவைத்து, நீல ரத்தத்தை வடிக்கிற டெஸ்ட் அது. சிங்கப்பூரில் டிங் ஜியாக் லிங், ஹோ போ இருவரும் அந்த ரத்தத்தில் எண்டோடாக்சினைக் கண்டுபிடிக்கிற ஃபேக்டர் சி புரோட்டீனையே ரீகாம்பினன்டாகச் செய்து காட்டி எத்தனை வருசம் ஆகிறது? இன்னும் ஏன் ரத்தம்?

வெண்திரை:
அது நண்டே இல்லை. சிலந்தி, தேளுக்கு நெருங்கிய சொந்தம். பேசுகிற உயிரினம் எது என்று தெரிந்துகொண்டு பேசுங்கள்.

கடலோரத்தான்:
பேரை வைத்தது நானா? வடிக்கிற ரத்தத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

பழைய_பிப்பெட்:
வெண்திரை, பேச்சை நண்டுக்குத் திருப்பாதீர்கள். போன வருசம் மைக்கோபிளாஸ்மா (செல் வளர்ப்பில் புகுந்துவிடும் பாக்டீரியா) விவாதத்திலும் இதைத்தான் செய்தீர்கள். "செல் பார்க்க நன்றாக இருக்கிறது, டெஸ்ட் எதற்கு" என்றீர்கள். மூன்று மாசம் கழித்து உங்கள் பிளாஸ்க் அத்தனையும் குப்பைக்குப் போனது.

வெண்திரை:
அதை இங்கே இழுக்க வேண்டிய அவசியம் என்ன? அன்றைக்கு உதவி கேட்டு வந்தவனைக் கூட்டத்தில் வைத்து அவமானப்படுத்தினீர்கள், நான் மறக்கவில்லை. நீங்கள் சொல்வதெல்லாம் எலி மேக்ரோஃபேஜில் பார்த்தது. எங்களுடையது மனித மோனோசைட் என்ற ரத்த செல்லிலிருந்து வளர்த்த மேக்ரோஃபேஜ்.

பழைய_பிப்பெட்:
மனித செல் எண்டோடாக்சினுக்கு இன்னும் கூர்மையாகப் பதில் சொல்லும். உங்கள் வாதத்தை நீங்களே கவிழ்க்கிறீர்கள். சோதனைத் தட்டில் ஒரு கிணறு, அதாவது ஒரு குழி போதும். 1 நானோகிராம் எண்டோடாக்சின், அதே டியூப், அதே கொதி, அதே நேரம். டிஎன்எஃப் அளக்கிற எலைசா தட்டில் இடமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள், 96 கிணறு இருக்கிறது.

வெண்திரை:
250 டிகிரிக்குப் பதில் சொல்லிவிட்டு என் தட்டை எண்ணுங்கள்.

முதலாண்டு:
அக்கா, சுற்றிப் பார்த்தேன், அடியில் லேசாக வெள்ளையாகத் தெரிகிறது. பிபிஎஸ் உப்புக் கரைசலில் கரைக்கலாமா, தண்ணீரிலா?

கடலோரத்தான்:
நான் கேட்டதற்கு யாராவது பதில் சொல்வீர்களா?