பர்மா வெயிலும் நம்ம வீட்டுப் பழக்கமும் – அனுபவப் பகிர்வு

ரங்கூனிலிருந்து

கோடையை எப்படிச் சமாளிக்கிறீங்கன்னு கேட்டதுக்கு எல்லாரும் மோர், இளநீர், நுங்குன்னு எழுதியிருக்கீங்க. நல்லதுதான். ஆனா என்னைக் கேட்டா, கோடையில உடம்பைக் காப்பாத்துறது என்ன குடிக்கிறோம்ங்கறதை விட எந்த நேரத்துல வேலை பாக்குறோம்ங்கறதுதான். பங்குனி பிறந்துட்டா எங்க வீட்டுல கடிகாரமே மாறிடும். விடியக்காலம் நாலு மணிக்கு அடுப்பு பத்தவைப்போம். சமையல், துணி, கடை கண்ணி எல்லாம் ஒன்பதுக்குள்ள முடிஞ்சாகணும். பதினொண்ணுல இருந்து நாலு மணி வரைக்கும் யாரும் வாசல் தாண்டக் கூடாது. இங்க பள்ளிக்கூடம் ஜூன்லதான் திறக்கும், அதனால கோடை பூரா பிள்ளைங்க வீட்டுலதான். அதுங்களை அடக்கிப் படுக்க வைக்கிறதே தனி வேலை. அவங்களையாவது சமாளிச்சுடலாம், மாமனாரை முடியாது. உச்சி வெயில் மண்டையைப் பிளக்குறப்பதான் அவருக்குக் காளி கோயில் ஞாபகம் வரும்.

கரண்டு போறதும் வர்றதும் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். ஃப்ரிட்ஜ் இருக்கு, உள்ள தண்ணி சில்லுனு இருக்கறது அதிர்ஷ்டம். அதனால மண்பானை திரும்ப வந்துடுச்சு. அடியில மணல் பரப்பி, மேல ஈரத்துணி சுத்தி, ஜன்னல் ஓரமா காத்து படற இடத்துல வச்சா போதும். பானைச் சுவர்ல கசியற ஈரம் காத்துல காயும்போதுதான் தண்ணி குளிரும். மூடின அறைக்குள்ள வச்சுட்டு குளிரலையேன்னு குறை சொல்லாதீங்க. காய்ச்சி ஆறவச்ச தண்ணியைத்தான் ஊத்துவோம். அள்ளுறதுக்குக் காம்பு நீண்ட அகப்பை ஒண்ணு. டம்ளரை உள்ள விட்டு மொள்ளக் கூடாதுன்னு மாமியார் கண்டிப்பா சொல்லிடுவாங்க.

இன்னொண்ணு தனக்கா, பர்மாக்காரங்க மரக்கட்டையைத் தேய்ச்சு உடம்புல பூசிக்கற கூழ். பக்கத்து வீட்டு பர்மாக்காரப் பாட்டிகிட்ட கத்துக்கிட்டது. வட்டக்கல்லுல ரெண்டு மூணு சொட்டு தண்ணி விட்டு, கட்டையோட பட்டைப் பக்கத்தை மட்டும் வச்சு வட்டமா தேய்ப்பாங்க. உள்கட்டையைத் தேய்ச்சா பிரயோசனமில்லை. கல்லோட ஓரத்துல வெட்டியிருக்கற பள்ளத்துல வெளிர் மஞ்சளா கூழ் சேரும். பிள்ளைங்களைச் சாயங்காலம் குளிப்பாட்டி, ஈரம் ஒத்தி எடுத்துட்டு, கழுத்து, முதுகு, கைமடிப்புல மெல்லிசா பூசுவேன். காயக் காய ஜில்லுனு இருக்கும். வேர்க்குருவுல அரிப்பு தணிஞ்சு ராத்திரி தூங்குதுங்க. நான் அப்பிப் பூசினா பாட்டி திட்டுவாங்க: கனமா போட்டா வேர்வை வெளிய போக வழியில்லாம வேர்க்குரு ஏறும்னு. டப்பாவுல வர்ற பொடியில வாசனை தூக்கலா இருக்கு, எங்க சின்னவனுக்கு அது ஒத்துக்கலை. மேல் பர்மாவுல ஷ்வேபோ ஊர்ல இருந்து வர்ற தனக்கா கட்டை கிடைச்சா விடாதீங்க. ஊர்ல நாம சொல்ற விளாமரமும் மகாவில்வமும்தான் இங்க தனக்கா ஆகுதுன்னு எனக்குத் தெரிஞ்சப்போ ஆச்சரியமா இருந்துச்சு. அங்க சும்மா நிக்குது!

தெருவுல பர்மாக்காரங்க வீட்டு வாசல்ல மேடை கட்டி பானையில தண்ணி வச்சிருப்பாங்க, போறவன் வர்றவன் குடிக்க. நம்ம தண்ணீர்ப்பந்தல் திருவிழாவோடயோ கோடையோடயோ முடிஞ்சுடும். அவங்களுக்கு அது வருஷம் பூரா.

மோல்மீனிலிருந்து

அக்கா, நேரக்கணக்கு நூத்துக்கு நூறு சரி. நான் சாப்பாட்டை மட்டும் சேத்துக்கறேன். எங்க பக்கம் மோன் இனத்து ஜனங்க திஞ்சானுக்கு, அதாவது பர்மாப் புத்தாண்டுத் தண்ணித் திருவிழாவுக்கு, தண்ணிச்சோறு போடுவாங்க. அரிசியைப் பலதடவை கழுவி, குழையாம வடிச்சு, மெழுகுவர்த்திப் புகை காட்டின பானைத் தண்ணியில ஊறப் போடுவாங்க. தொட்டுக்க வறுத்த விரால் கருவாடு, மாங்காய்க் கலவை. முதல்முறை மெழுகு வாசனை அடிச்சதும் எங்கம்மா முகத்தைச் சுளிச்சாங்க. இப்ப அவங்கதான் முதல் ஆளா கிண்ணத்தோட போய் நிக்கிறாங்க. சித்திரை ஒண்ணாந்தேதியும் திஞ்சானும் ஒட்டியே வர்றதால நம்ம வீட்டு மாங்காய்ப் பச்சடி ஒரு கிண்ணம் அவங்களுக்குப் போகும்.

மத்த நாள்ல நம்ம பழைய சோறுதான். ராத்திரி தண்ணி ஊத்தி வச்சதுல காலையில மோர், கல்லுப்பு, சின்ன வெங்காயம். ஆனா இந்த வெயில்ல சோறு சீக்கிரம் புளிச்சுடும், மத்தியானத்துக்கு மிச்சம் வைக்காதீங்க. பச்சையா வல்லாரையை நறுக்கி, வேர்க்கடலைப் பொடி, வெங்காயம், எலுமிச்சை பிழிஞ்சு பர்மாக்காரங்க செய்யற கலவையும் எங்க வீட்டுல தினப்படி ஆயிடுச்சு. புளிச்சக்கீரைச் சாறு இருந்தா ருசியில்லாத வாய்க்கும் சோறு இறங்கும்.

மாண்டலேயிலிருந்து

தங்கச்சிங்களா, நீங்க சொல்றது கீழ் பர்மா வெயில். மேல வந்து பாருங்க. 2024 ஏப்ரல் 28 அன்னைக்கு சௌக்ங்கற ஊர்ல 48.2 டிகிரி செல்சியஸ். அந்தச் சமயத்துல எங்க பட்டறையில வேலை பாத்த மச்சான் திடீர்னு பேச்சு குழறி உக்காந்துட்டான். தொட்டா உடம்பு நெருப்பு, வேர்வை ஒரு சொட்டு இல்லை. ஒருத்தர் மோர் குடுங்கறார், ஒருத்தர் வெங்காயம் தேய்ங்கறார். நினைவு தடுமாறுற ஆளு வாயில எதையும் ஊத்தக் கூடாது, புரையேறிடும். நிழல்ல படுக்க வச்சு, சட்டையைக் கழட்டி, தண்ணி ஊத்தி ஊத்தி விசிறினோம். கழுத்து, அக்குள், தொடையிடுக்குல ஈரத்துணி. அப்படியே வண்டியில ஏத்தி ஆஸ்பத்திரி. பிழைச்சுக்கிட்டான். வைத்தியம் பாக்குற வேளை வேற, தடுக்குற வேளை வேற. உங்க பானை, தனக்கா, கீரை எல்லாம் ரெண்டாவதுக்கு.

வயிறு போனாலோ வேர்த்துக் கொட்டி தலை சுத்தினாலோ, ஆள் தெளிவா இருந்தா, ஒரு லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணியில தலை தட்டின தேக்கரண்டியால சர்க்கரை ஆறு, உப்பு அரை போட்டு கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. உப்பு கண்ணளவுல போடாதீங்க, கூடினா ஆபத்து. அப்புறம் பனைமரத்துக்காரன் காலையில இறக்கித் தர்ற சாறு தேனா இனிக்கும், மத்தியானத்துக்குள்ள கள்ளாயிடும். சூட்டுக்கு நல்லதுன்னு அதை மூணு மணிக்குக் குடிச்சா உள்ள இருக்கற தண்ணியும் போயிடும். எங்க பட்டறையில சிலபேர் இதைக் கேக்கறதேயில்லை.

மறுபடி ரங்கூனிலிருந்து

அண்ணன் சொன்னதை மாமனாருக்குப் படிச்சுக் காட்டிட்டேன். காலை ஆறு மணிக்குக் கோயிலுக்குப் போக ஒத்துக்கிட்டார், பாக்கலாம்.

ஒண்ணு விட்டுப்போச்சு. கரண்டு இல்லாம மோட்டார் ஓடாதுன்னு எல்லாரும் டிரம்முல தண்ணி பிடிச்சு வைக்கிறோம் இல்லையா, டெங்கு கொசு முட்டை போடறது அந்த நல்ல தண்ணியிலதான். மூடி சரியா உக்காரலைன்னா மெல்லிசான துணியை இறுக்கிக் கட்டுங்க. வாரம் ஒருதரம் காலி பண்ணி உட்புறச் சுவரைத் தேய்ச்சுக் கழுவுங்க, முட்டை அங்கதான் ஒட்டியிருக்கும். மே கடைசியில மழை இறங்குறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடுங்க. மாண்டலே அண்ணா, அந்தப் பக்கத்துல இருந்து யாராவது ரங்கூன் வந்தா ஒரு ஷ்வேபோ கட்டை குடுத்தனுப்புங்களேன்.