அடிக்கல் விழாவும் ஆசிரியர்களைக் கௌரவிப்பதும் ஒரே நாளில்: எப்படி நடத்துவது?

கேள்வி (பழைய மாணவர் சங்கச் செயலாளர்)

எல்லோருக்கும் வணக்கம். நான் படித்த உயர்நிலைப் பள்ளிக்குப் புதுக் கட்டடம் வரப்போகிறது. அடிக்கல் நாட்டும் அன்றே முன்னாள் தலைமையாசிரியர்கள், ஆசிரியர்கள், நிர்வாகக் குழுவில் இருந்தவர்கள் எல்லோரையும் அழைத்துக் கௌரவிக்கலாம் என்று முடிவு செய்தோம். முடிவு செய்தபோது எல்லோருக்கும் சந்தோஷம்தான், நிகழ்ச்சி நிரல் எழுத உட்கார்ந்ததும்தான் தலைவலி ஆரம்பித்தது. வரவேற்புரை, தலைமையுரை, சிறப்பு விருந்தினர் உரை, நன்கொடையாளர் உரை என்று போட்டுக்கொண்டே போனால் ஆசிரியர்களுக்கு மிஞ்சுவது ஆளுக்கு ஒரு கேடயம், ஒரு போட்டோ, அவ்வளவுதான். எங்களை ஆளாக்கியவர்களை வரிசையில் நிற்க வைத்து அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

இன்னொரு சிக்கல் கட்டடத்தின் பெயர். அதிகம் பணம் கொடுப்பவர் பெயரை வைக்க வேண்டும் என்று ஒரு பக்கம், பல வருடம் பள்ளியைத் தாங்கிய தலைமையாசிரியை பெயர்தான் என்று இன்னொரு பக்கம், இரண்டு பக்கமும் நல்லவர்கள் என்பதால் எனக்கு இன்னும் கஷ்டம். அப்புறம், மாணவர்கள் அடிக்கல்லுக்குக் கீழே ஒரு காலப் பெட்டகம் (பல வருடம் கழித்துத் திறப்பதற்காக நினைவுப் பொருள்களை வைத்து மூடும் பெட்டி) புதைக்க ஆசைப்படுகிறார்கள். இதெல்லாம் நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் (ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை)

தம்பி, கௌரவம் வாங்கிக்கொள்ளும் பக்கத்திலிருந்து சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் இப்படித்தான் கூப்பிட்டார்கள். வெயிலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், பெயர் வாசித்தார்கள், கேடயத்தைக் கையில் கொடுத்து கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள், கொடுத்தவர் அடுத்த கேடயத்துக்குத் திரும்பிவிட்டார். நான் என்ன பாடம் நடத்தினேன் என்றுகூட அந்த மேடையில் யாருக்கும் தெரியாது. ஆனால் இறங்கி வரும்போது ஒரு பழைய மாணவி கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், விடை தப்பாக இருந்தாலும் எந்த வரியில் தப்பினேன் என்று வட்டம் போட்டு, அதுவரை சரியாகப் போட்டதற்கு மார்க் கொடுப்பீர்களே, நானும் என் பிள்ளைகளுக்கு அப்படித்தான் திருத்துகிறேன்" என்றாள். எனக்கு அன்றைக்குக் கிடைத்த மரியாதை அது ஒன்றுதான்.

அதனால் ஒவ்வொரு ஆசிரியருக்கும் அவரிடம் படித்த ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். ஒரே ஒரு நிமிடம், அவர் செய்த ஒரு காரியம், அவ்வளவு பேசினால் போதும். "அர்ப்பணிப்பு மிக்கவர், அன்பானவர்" என்ற மாதிரி யாருக்கும் பொருந்துகிற வார்த்தைகள் வேண்டாம். பேச்சை முன்கூட்டியே எழுதி வாங்கி, ஒரு பிரதியை ஆசிரியர் கையில் கொடுங்கள், காது மந்தமானவர்கள் இருப்பார்கள். மேடையில் பேசுவது சரியாகக் கேட்பதில்லை என்று வெளியே சொல்லக் கூச்சப்படுவார்கள். ஆய்வக உதவியாளர், நூலகர், அலுவலகத்தில் இருந்தவர், காவலாளி ஆகியோரையும் விட்டுவிடாதீர்கள். இப்போது வேலையில் இருக்கும் ஆசிரியர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஓய்வு பெறும்வரை அவர்கள் ஏன் காத்திருக்க வேண்டும்?

பதில் (பள்ளிக் கட்டடங்கள் கட்டும் பொறியாளர்)

டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அக்டோபர் 5 அன்று உலக ஆசிரியர் தினம் கொண்டாடுகிறோம், 1994-லிருந்து. 1966-இல் அதே தேதியில் யுனெஸ்கோவும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து ஆசிரியர்களின் நிலை பற்றிக் கொண்டுவந்த பரிந்துரைதான் அதற்கு அடிப்படை. அதில் கட்டடம் பற்றியும் எழுதியிருக்கிறது: இருக்கிற பள்ளிக்குப் புது இடமோ கூடுதல் இடமோ கட்டினால், அந்தப் பள்ளியின் ஆசிரியர்களைக் கலந்து பேச வேண்டும். நீங்கள் செய்யக்கூடிய பெரிய கௌரவம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். வரைபடம் முடிவாவதற்கு முன்னால் அவர்களிடம் கொண்டுபோங்கள். விழா நாளில் பெரிதாக அச்சடித்து மேஜையில் விரித்து வைத்துக் கையில் பென்சில் கொடுத்தால் இன்னும் நல்லது. ஆனால் அன்றைக்கு மட்டும் காட்டினால் போதாது, அதற்குள் அஸ்திவாரம் முடிவாகியிருக்கும்.

ஆசிரியர்கள் சொல்லும் விஷயங்கள் எங்களுக்குத் தோன்றாது. எந்த நேரத்தில் கரும்பலகையில் வெளிச்சம் பட்டுக் கண் கூசுகிறது, கடைசி பெஞ்சுக்குக் குரல் எட்டுகிறதா, விளையாட்டு மைதானத்துச் சத்தம் எந்த வகுப்பைக் கெடுக்கிறது, பரிசோதனைச் சாமான்களை எங்கே வைப்பது, இதெல்லாம் தினமும் அங்கே நிற்பவர்களுக்குத்தான் தெரியும். பாடம் நடக்கும்போது வகுப்பறையின் பின்னணிச் சத்தம் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-லேயே வழிகாட்டியிருக்கிறது. பாதி வகுப்பறைகளில் மின்விசிறிச் சத்தமே அதை மிஞ்சிவிடும், ஆசிரியர்கள் தொண்டை கிழியக் கத்துவதற்கு அதுவும் ஒரு காரணம். சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தை 1:12-க்கு மேல் செங்குத்தாக்காதீர்கள். ஒரு அடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்று கணக்கு. இடம் போதவில்லை என்று கடைசியில் அதைத்தான் குறுக்குவார்கள், விடாதீர்கள்.

பதில் (ஒரு பள்ளி நிர்வாகக் குழுவில் இருப்பவர்)

பெயர் விஷயத்தில் என் கருத்து நேரடியானது: கட்டடத்துக்குத் தலைமையாசிரியை பெயர், அரங்கத்துக்கோ நூலகத்துக்கோ நன்கொடையாளர் பெயர். பணம் கொடுத்தவரை மறைக்கச் சொல்லவில்லை, அவர் இல்லாமல் செங்கல்லே வராது. ஆனால் பெயரைவிடப் பெரிய கேள்வி பராமரிப்பு. அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி உலகம் முழுக்க 2,509 நூலகங்களுக்குப் பணம் கொடுத்தார், பொதுவாக அவர் வைத்த நிபந்தனை என்ன தெரியுமா? கட்டக் கொடுக்கும் தொகையில் பத்தில் ஒரு பங்கை நூலகத்தை நடத்த வருடாவருடம் ஒதுக்குவதாக ஊர் ஒப்புக்கொள்ள வேண்டும். உங்கள் நன்கொடையாளரிடமும் இதைப் பேசுங்கள். திறப்பு விழாவுக்குக் கூட்டம் வரும், ஐந்து வருடம் கழித்துக் கழிப்பறைக் குழாய் உடைந்தால் யார் வருவார்கள்? எது பேசினாலும் எழுத்தில் வாங்குங்கள், பெயர் எத்தனை வருடத்துக்கு என்பது உட்பட.

பதில் (ஆவணக் காப்பகத்தில் வேலை பார்ப்பவர்)

காலப் பெட்டகம் நல்ல யோசனை, ஆனால் மண்ணுக்குள் வேண்டாம். அமெரிக்காவின் டல்சா நகரத்தில் 1957-இல் ஒரு புத்தம் புதுக் காரையே கான்கிரீட் அறை கட்டிப் புதைத்தார்கள். 2007-இல் திறந்தால் உள்ளே தண்ணீர், கார் முழுக்கத் துருப்பிடித்துப் போயிருந்தது. நீங்கள் சுவருக்குள் ஒரு மாடம் விட்டு, துருப்பிடிக்காத எஃகுப் பெட்டியில் வையுங்கள். அமிலம் இல்லாத காகிதம், கறுப்பு-வெள்ளைப் புகைப்படம் நிற்கும். ரப்பர் பேண்ட், சாதாரண பிளாஸ்டிக் உறை, செய்தித்தாள் ஆகாது. பென் டிரைவை நம்பவே நம்பாதீர்கள். எங்கே இருக்கிறது, எப்போது திறக்க வேண்டும் என்பதைப் பள்ளிப் பதிவேட்டிலும் எழுதுங்கள், புதைத்த இடமே மறந்துபோன பெட்டகங்கள் ஏராளம். டீச்சர் சொன்ன அந்த ஒரு நிமிடப் பேச்சுகளின் பிரதிகளையே உள்ளே வைக்கலாமே.

கேட்டவர்

ரொம்ப நன்றி. பேச்சுகளைப் பெட்டகத்தில் வைக்கும் யோசனையைச் சங்கத்தில் சொன்னேன், உடனே ஒத்துக்கொண்டார்கள். வரைபடத்தை அடுத்த வாரமே ஸ்டாஃப் ரூமுக்குக் கொண்டுபோகிறேன். பெயர் பற்றி நன்கொடையாளரிடம் நேரில் பேச வேண்டும், பராமரிப்பையும் சேர்த்தே பேசுகிறேன். டீச்சர், ஒரு சந்தேகம்: ஒரு ஆசிரியருக்குப் பேச நிறையப் பேர் முன்வந்து, இன்னொருவருக்கு யாருமே கிடைக்காவிட்டால் என்ன செய்வது?

ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை

கிடைக்காமல் இருக்க மாட்டார்கள் தம்பி, பழைய வருகைப் பதிவேட்டை எடுத்து ஒவ்வொருவராகப் போன் போடுங்கள். நன்றாகப் படித்தவர்களிடம் மட்டும் கேட்காதீர்கள். அப்படியும் இல்லையென்றால் கூட வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர் பேசட்டும். நேரம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான், தலைமையாசிரியராக இருந்தாலும் சரி.