குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடன்: பி.டி.ஆரின் வெள்ளை அறிக்கையை எப்படிப் படிப்பது?

நாணற்காடு கேட்டது:
தமிழ்நாட்டின் அப்போதைய நிதியமைச்சரும் மதுரை மத்திய தொகுதி உறுப்பினருமான பழனிவேல் தியாகராஜன் (பி.டி.ஆர்.) 2021 ஆகஸ்ட் 9 அன்று, மாநிலத்தின் நிதிநிலையை விளக்கி வெளியிட்ட வெள்ளை அறிக்கையை இப்போதுதான் முழுமையாகப் படித்து முடித்தேன். மாநிலத்தின் கடன் 5.70 லட்சம் கோடி ரூபாய் என்றும், அதைப் பங்கிட்டால் குடும்பம் ஒன்றின் தலையில் 2,63,976 ரூபாய் விழும் என்றும் அவர் கூறினார். நான்கே நாட்களில் தாக்கல் செய்த திருத்திய நிதிநிலை அறிக்கையில், பெட்ரோல் மீதான வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்து, ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் வருவாயையும் விட்டுக்கொடுத்தார். கடனைக் காட்டி எச்சரித்த கையோடு வரியைக் குறைத்தது முரண் அல்லவா?

பேரேடு:
குடும்பக் கணக்கு நாளிதழ்த் தலைப்புக்கு உதவுமே தவிர, நிதிநிலையை அறிய உதவாது. மாநிலத்தின் மொத்த உற்பத்தி மதிப்போடு வைத்துப் பார்த்தால் அந்தக் கடன் கால் பங்கைச் சற்றே தாண்டுகிறது. அது மட்டும் இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். அறிக்கையில் உண்மையாகவே உறுத்துவது 2020-21இன் இரண்டு எண்கள்: நிதிப் பற்றாக்குறை, அதாவது கடன் வாங்கி ஈடுகட்ட வேண்டிய மொத்தத் துண்டு, 92,305 கோடி; அதில் வருவாய்ப் பற்றாக்குறை, அதாவது அன்றாடச் செலவுக்கே வரவு போதாமல் விழுந்த துண்டு, 61,320 கோடி. வாங்கிய ஒவ்வொரு 100 ரூபாயிலும் ஏறத்தாழ 66 ரூபாய் சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் போன்ற அன்றாடச் செலவுகளிலேயே கரைந்தது. பாலத்துக்கும் அணைக்கும் போனது மீதிதான். கடன் வாங்கி வீடு கட்டுவது வேறு, மளிகைக் கடைப் பாக்கியை அடைக்க நகையை அடகு வைப்பது வேறு. பழியைக் கொரோனா மீது மட்டும் போடவும் முடியாது. வருவாய்ப் பற்றாக்குறை 2013-14 முதலே விடாமல் தொடர்கிறது.

திண்ணைவாசி:
பேரேடு சொல்வதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். செலவு ஊதாரித்தனமாகப் பெருகியதைவிட, வரவு சுருங்கியதையே அந்த அறிக்கை அழுத்தமாகச் சொன்னது. அப்பா தகரப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கும் சொத்து வரி ரசீதுகளை எடுத்துப் பார்த்தேன். 2008க்குப் பிறகு ஆண்டுக்காண்டு அதே தொகை. 2018இல் ஒருமுறை உயர்த்தினார்கள், மறு ஆண்டே அதை நிறுத்தி வைத்தார்கள். இதே காலத்தில் எங்கள் தெருவில் மனை விலை எங்கேயோ போய்விட்டது. 2022இல் வரியை உயர்த்தியபோது முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தென்கரை:
ஐயா, இருவருமே ஒரு மாநில நிதியமைச்சரின் கைக்கு எட்டும் தூரத்தை மிகைப்படுத்துகிறீர்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் மாநிலம் தானே விகிதம் முடிவு செய்யக்கூடியவை பெட்ரோல், மது, பத்திரப்பதிவு, வாகன வரி எனச் சிலவே. ஒன்றிய அரசு செஸ் (குறிப்பிட்ட நோக்கத்துக்கென விதிக்கும் மேல்வரி), கூடுதல் வரி என்று வசூலிப்பதில் மாநிலங்களுக்குப் பங்கும் கிடையாது. இதைத் தியாகராஜன் பலமுறை சுட்டிக்காட்டியதில் நியாயம் உண்டு. பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59.15 ரூபாய் நட்டம் என்று அதே அறிக்கை சொல்கிறது. ஆனால் நகரப் பேருந்தில் கட்டணமின்றி வேலைக்குப் போகும் பெண் வீட்டுக்குக் கொண்டுவரும் கூலி, போக்குவரத்துக் கழகத்தின் ஏட்டில் எந்தப் பக்கத்திலும் ஏறாது.

பேரேடு:
தென்கரை சொல்லும் கூலிக் கணக்கை ஏற்கிறேன். நாணற்காடு, உங்கள் கேள்விக்கு வருகிறேன்: 1,160 கோடி என்பது 61,320 கோடிப் பள்ளத்தில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை, ஆகவே அது அரசியல் முடிவு, நிதிக் கொள்கையின் அளவுகோல் ஆகாது. 2023 மார்ச்சில் அவர் தாக்கல் செய்த நிதிநிலை அறிக்கையில் வருவாய்ப் பற்றாக்குறை சுமார் 30,000 கோடியாக இறங்கியிருந்தது. தொற்றுக்குப் பின் வரி வசூல் தானாக மீண்டதும் அதற்கு ஒரு காரணம் என்பதால், முழுப் பெருமையையும் அவருக்கே எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. அதே அறிக்கையில்தான் மகளிர் உரிமைத் தொகைக்கு 7,000 கோடியும் ஒதுக்கினார், எல்லோருக்கும் அல்ல, தகுதியுள்ளவர்களுக்கு மட்டும் என்ற வரம்போடு. இரண்டு மாதத்தில் நிதித் துறை கைமாறியதால், அந்த வரம்பைக் காக்கும் வேலை அடுத்து வந்தவரிடம் போயிற்று.