பாண்டியில் ஒரு நாள் போட்டோ எடுக்க இடம் சொல்லுங்க

வணக்கம் மக்களே. கோயம்புத்தூர்லருந்து அத்தை பொண்ணு புது கேமராவோட வர்றா, ஞாயிறு ஒரு நாள்தான். நானோ கடலூர்க்காரன், சில்வர் பீச்சைத் தாண்டினா ஒண்ணும் தெரியாது.

விடியலுக்கு காந்தி சிலை, பக்கத்துலயே 1836ல விளக்கேத்தின பழைய கலங்கரை விளக்கம். அது முடிவு பண்ணியாச்சு. அடுத்து ஒயிட் டவுன் மஞ்சச் சுவரு, காகிதப்பூ, சாய்ச்சு வச்ச சைக்கிள்... எல்லாரும் எடுத்ததுதான், எனக்கே சலிச்சுப்போச்சு.

அதனால கேக்கிறேன். ஒயிட் டவுனையும் தமிழ்ப் பகுதியையும் பிரிக்கிற கால்வாய்க்கு மேற்கே, திண்ணையும் மரத்தூணும் வச்ச பழைய தமிழ் வீடுங்க எந்தத் தெருவுல இருக்கு? வைசியாள் வீதி தெரியும், வேற? திண்ணையில இருக்கற ஆயாக்களைக் கேட்டுட்டுதான் எடுப்போம், பயப்படாதீங்க.

இருதய ஆண்டவர் கோயில் வண்ணக் கண்ணாடிக்கு எந்த நேரத்து வெளிச்சம் நல்லாருக்கும்? தேங்காய்த்திட்டு துறைமுகத்துல கேமராவோட உள்ள விடுவாங்களா? போய்ட்டு வந்தவங்க சொல்லுங்க.