மறு: இன்டக்ரேஷன் சர்வர் – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம் நண்பர்களே,

> 'இணைப்பு வழங்கி' என்றே வைத்துக்கொள்ளலாமே. சுருக்கமாகவும் இருக்கிறது, யாருக்கும் புரியும்.

சுருக்கம்தான், ஆனால் புரியுமா என்பதில் எனக்குச் சந்தேகம். இணைப்பு என்றதும் கேபிளோ வைஃபையோதான் நினைவுக்கு வரும். பல மென்பொருள்களை ஒன்றோடொன்று பேசவைக்கும் இந்த இன்டக்ரேஷன் சர்வர் செய்கிற வேலையில் இணைப்பது ரொம்பச் சின்னப் பங்கு. பெயர் வைப்பதற்கு முன்னால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். பிஸ்டாக் சர்வரை எடுத்துக்கொள்கிறேன், எனக்குக் கைப்பழக்கம் அதில்தான் (மைக்ரோசாஃப்ட் 2000-இல் கொண்டுவந்தது, 2004 பதிப்பில் தங்கள் டாட்நெட் மென்பொருள் தளத்துக்கு மாற்றினார்கள், 2020 பதிப்போடு சரி, இனி புதிது வராது என்றும் சொல்லிவிட்டார்கள்). மற்ற நிறுவனங்களின் சரக்கிலும் அடிப்படை ஏறக்குறைய இதேதான், உறுப்புகளின் பெயர்தான் மாறும்.

ஒரு நிறுவனத்தில் கணக்குக்கு ஒன்று, கிடங்குக்கு ஒன்று, சம்பளத்துக்கு ஒன்று என்று 10 மென்பொருள்கள் ஓடுவதாக வையுங்கள். ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் நேராகப் பேச வேண்டுமானால் 45 இணைப்புகள் வேண்டும். நடுவில் ஒரு சர்வரை உட்காரவைத்தால் 10 போதும். 'இணைப்பு' என்ற சொல் இதுவரைதான் தாங்கும்.

அப்புறம் பாருங்கள். வாடிக்கையாளர் நிறுவனம் ஒன்று எக்ஸ்12 850 வடிவில் (நிறுவனங்கள் ஆவணம் பரிமாறும் தரத்தில் கொள்முதல் ஆணைக்கான எண்) கொள்முதல் ஆணை அனுப்புகிறது. உடுக்குறியும் நெளிகோடும் நடுநடுவே வர, இடைவெளி இல்லாமல் நீண்டுகொண்டே போகும் எழுத்துக்கூட்டம், படித்தால் தலை சுற்றும். அதைக் கோப்புப் பரிமாற்ற வழியான எஃப்டிபி-யிலிருந்து எடுத்துவருவது அடாப்டர். பைப்லைன் அதைப் பிரித்து, ஒவ்வொரு தகவலுக்கும் பெயர்க்குறி போட்ட எக்ஸ்எம்எல் வடிவாக்கி, ஸ்கீமாவுக்கு, அதாவது முன்பே வகுத்த அமைப்புக்கு, பொருந்துகிறதா என்றும் சரிபார்க்கும். பிறகு மெசேஜ்பாக்ஸில் போய் விழும், அது வேறொன்றுமில்லை, எஸ்க்யூஎல் சர்வரில் உள்ள ஒரு தரவுத்தளம். 'இந்த வகை ஆணை வந்தால் எனக்குக் கொடு' என்று யார் சந்தா போட்டிருக்கிறார்களோ அவர்களுக்கு அங்கிருந்து போகும். யார் வாங்கிக்கொள்கிறார்கள் என்று அனுப்பியவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். கடைசியில் மேப் என்ற உறுப்பு அதை, நிறுவன நிர்வாக மென்பொருளான எஸ்ஏபி கேட்கிற வடிவுக்கு மாற்றித் தரும்.

ஆக மொழிமாற்றம், சரிபார்ப்பு, பட்டுவாடா என எல்லாம் இருக்கிறது. அதனால் முழுமைக்கும் 'ஒருங்கிணைப்புச் சேவையகம்' என்பது என் வாக்கு. சர்வருக்கு வழங்கியா சேவையகமா என்ற பஞ்சாயத்தை இந்த இழையில் திறக்க வேண்டாம், இரண்டுமே புழக்கத்தில் இருக்கின்றன.

> அப்படியானால் ஆர்கெஸ்ட்ரேஷனுக்கும் அதே 'ஒருங்கிணைப்பு' போதுமே?

போதாது, இங்கேதான் குழப்பமே தொடங்குகிறது. வணிகச் செயல்முறை குடியிருப்பது ஆர்கெஸ்ட்ரேஷன் என்ற இந்த உறுப்புக்குள்தான்: ஆணை வந்ததும் கடன் வரம்பைப் பார், தாண்டியிருந்தால் மேலாளர் ஒப்புதலுக்கு அனுப்பு, பதில் வரும்வரை காத்திரு, வந்ததும் கிடங்குக்குச் சொல். அந்த ஒப்புதல் வர மூன்று நாள்கூட ஆகலாம். அப்படிக் காத்திருக்கும் ஆயிரக்கணக்கான ஆணைகளும் நினைவகத்திலேயே உட்கார்ந்திருந்தால் சர்வர் தாங்குமா? அதனால் ஒவ்வொன்றின் நிலையையும் அப்படியே தரவுத்தளத்தில் எழுதிவைத்துவிட்டு நினைவகத்தைக் காலி செய்துவிடும். பதில் வந்ததும், ஆணை எண்ணை வைத்து இது எதற்கான பதில் என்று கண்டுபிடித்து, விட்ட இடத்திலிருந்து தொடரும். நடுவில் சர்வரை ரீஸ்டார்ட் செய்தாலும் கணக்கு தப்பாது. இப்படி எழுதிவைப்பதற்கு டீஹைட்ரேஷன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து யாரும் 'நீரிழப்பு' என்று போட்டுவிடாதீர்கள், வாந்திபேதிதான் ஞாபகம் வரும். 'உறங்கவைத்தல்', 'எழுப்புதல்' என்றாலே வேலை முடிந்தது.

ஆர்கெஸ்ட்ரேஷனுக்கு முந்தைய மடலில் வந்த 'பல்லியம்' நல்ல பழஞ்சொல்தான், ஆனால் அது வாத்தியக் கூட்டத்தின் பெயர். இங்கே வாசிப்பவர்களைப் பற்றிய பேச்சே இல்லை, அடுத்து யார், எப்போது, எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று சொல்பவரைப் பற்றித்தான் பேச்சு. இலங்கைத் தமிழில் நாடகத்துக்கு 'நெறியாள்கை' என்கிறார்கள். அதையே எடுத்துப் 'பணி நெறியாள்கை' எனலாம் என்கிறேன்.

*

ஐயா, நெறியாள்கை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அடாப்டரை அப்படியே விட்டுவிட்டீர்களே, 'தகவி' இருக்கிறதல்லவா? அப்புறம் கொரியோகிராஃபி (நேர்ப்பொருள் நடன அமைப்பு) என்று ஒன்று உண்டு, அதில் நடுவில் நின்று ஆணையிட யாருமே கிடையாது. அதற்கு என்ன செய்வது?

*

தகவி சம்மதம், பட்டியலில் சேர்த்துவிடுங்கள். கொரியோகிராஃபிக்கு நெறியாள்கை ஒட்டாது, நீங்கள் சொல்வது சரி. ஒவ்வொரு மென்பொருளும் மற்றதன் செய்தியைப் பார்த்துத் தானாகவே அடுத்த அடி வைக்கிறது, ஆகவே 'ஒத்தியக்கம்' என்று போட்டுப் பார்க்கலாமா? நடனத்தை உள்ளே இழுக்காமல் வேறு நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் தனி இழையாகத் தொடங்குங்கள், அங்கே வருகிறேன்.