ஆயிரத்தில் ஒரு பங்கு டீசல்

கணக்குப்பிள்ளை: எரிசக்திச் சட்டங்களில் யார் யாருக்கோ வரிச்சலுகை நுழைவதற்கு உதாரணமாக அமெரிக்காவில் நடந்த இந்தக் கூத்தைப் பாருங்கள். 2005 சட்டப்படி, மாற்று எரிபொருளை டீசலோடு கலந்து எரித்தால் ஒரு காலனுக்கு (சுமார் 3.8 லிட்டர்) 50 சென்ட் வரிச்சலுகை. பெட்ரோலியத்தைக் குறைப்பதுதான் நோக்கம். காகித ஆலைகளோ பிளாக் லிக்கரை, அதாவது மரத்தை ரசாயனத்தில் வேகவைத்துக் கூழ் எடுத்தபின் மிஞ்சும் கருப்புத் திரவத்தை, பல பத்தாண்டுகளாக டீசல் கலக்காமலே எரித்து வந்தவை. ஆயிரத்தில் ஒரு பங்கு டீசல் இருந்தாலே ‘கலவை’தான் என்றது விதி. ஊற்றினார்கள்! 2009-ல் இன்டர்நேஷனல் பேப்பர் நிறுவனத்துக்கு மட்டும் 200 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது.

பாய்லர்காரன்: சார், பாதிக் கதைதான் சொல்கிறீர்கள். நான் ரெகவரி பாய்லர், அதாவது அந்த லிக்கரை எரிக்கும் கொதிகலன் பக்கம் பதினோரு வருஷம் இருந்தவன். லிக்கர் கருப்பட்டிப் பாகு மாதிரி கெட்டியாக வரும், நாற்றம் சட்டையை விட்டுப் போகாது. ஆனால் அது மரத்திலிருந்து வந்த எரிபொருள், நிலக்கரியை மிச்சப்படுத்துகிறது. சோள எத்தனாலுக்குக் காலனுக்கு 45 சென்ட் கொடுத்தவர்கள் இதற்குக் கொடுத்தால் தப்பா? மந்தநிலை வேறு. ஆலையை மூடினால் ஊரே காலி.

கணக்குப்பிள்ளை: சலுகை இல்லாவிட்டால் எரிக்காமல் கொட்டியிருப்பீர்களா?

பாய்லர்காரன்: இல்லை. அதை எரித்தால்தான் மரத்தை வேகவைக்கும் ரசாயனம் திரும்பக் கிடைக்கும். அதை விட்டால் ஆலைக்குக் கட்டுப்படியாகாது.

கணக்குப்பிள்ளை: அதைத்தானே சொல்கிறேன்! எப்படியும் செய்யப்போகிற வேலைக்குக் கூலி.

தேன்மொழி: அந்தக் கூலி கனடாவையும் இழுத்தது. தங்கள் ஆலைகள் போட்டியில் அடிபடுகின்றன என்று அந்த அரசும் 2009-லேயே 100 கோடி கனடிய டாலர் ஒதுக்கியது. பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு நாமும் பந்தல் போட்ட கதை.

பாய்லர்காரன்: எண்ணெய்க் கிணற்றுக்காரர்களை மட்டும் யாரும் கேட்பதில்லை. 1926-ல் வரிக் கணக்குக்கு வருமானத்தில் 27.5 சதவீதத்தைக் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். சின்ன நிறுவனங்களுக்கு இன்றும் 15 சதவீதம் இருக்கிறது. எங்களுடையது 2009 கடைசியிலேயே முடிந்துவிட்டது.

கணக்குப்பிள்ளை: அவர்களுடையதையும் எடுக்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் உங்கள் 50 சென்ட் முடிகிற நேரத்தில் உங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள்? செல்லுலோஸ் எரிபொருளுக்கு என்று வேறொரு சலுகை இருந்தது, காலனுக்கு 1.01 டாலர். அதே லிக்கரைக் காட்டி அதற்கும் வரிசையில் நின்றார்கள். 2010 சுகாதாரச் சட்டத்தோடு வந்த திருத்தத்தில்தான் அந்தக் கதவை அடைத்தார்கள்.

பாய்லர்காரன்: சரி சார், அந்த 1.01-ஐ விட்டுக்கொடுக்கிறேன். 50 சென்ட்டை விடமாட்டேன்.