தண்ணி பாட்டிலால் பட்ட பாடு: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

கரூர்க்காரி:
"தண்ணி நாறுதும்மா" என்று பையன் இரண்டு வாரமாகச் சொன்னான். நான் ஆர்.ஓ. மிஷின்மேல் சந்தேகப்பட்டு ஃபில்டரையே மாற்றினேன். போன ஞாயிறு எதற்கோ ஹேர்பின்னை எடுத்து, அவன் பாட்டில் மூடிக்குள் இருக்கிற ரப்பர் வளையத்தை நெம்பினேன். அடியில் மை தடவியது போல கறுப்பு. தொட்டால் விரலில் வழவழவென்று ஒட்டுகிறது. ஸ்ட்ரா குழாய்க்குள்ளும் அதே கதைதான். ஸ்டீல் பாட்டிலைத் தினமும் தேய்த்துக் கழுவுகிறவள் நான், அந்த வளையம் கழன்று வரும் என்றே தெரியாது! பாசியைவிட, "பள்ளிக்கூடத்துல குடிக்காம வர்றதுக்குச் சாக்கு சொல்றியா" என்று அவனை அதட்டியதுதான் உறுத்துகிறது.

செம்புக்குடம்:
எனக்குச் செம்பு பாட்டில். மாமியார் கொடுத்தது, தினமும் தண்ணீர்தான் வைப்பேன், ஒரு குறையும் இல்லை. பௌர்ணமிக்கு கிரிவலம் போனபோது புத்திசாலித்தனமாக அதில் உப்பு போட்ட எலுமிச்சை ஜூஸை ஊற்றிக்கொண்டேன். 14 கிலோமீட்டர் நடக்க வேண்டுமே. நிருதி லிங்கம் பக்கம் உட்கார்ந்து ஒரு வாய் குடித்தால், பழைய காசை நக்கியது போல ஒரு ருசி. தாகத்தில் அதையும் மீறிக் குடித்தேன். அப்புறம் சாலையோரம் குனிந்து நின்றதை விவரிக்க வேண்டாம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசாமல் எங்கள் பாட்டி புளிக்குழம்பு வைத்ததே கிடையாது. புளிப்பு பட்டால் செம்பு கரையும் என்று அதைப் பார்த்து வளர்ந்தும் ஜூஸை ஊற்றியது என் தப்புதான்.

நைட் ஷிப்ட்:
இதற்குத்தான் செம்பெல்லாம் வேண்டாம் என்பது. ஸ்டீல் வாங்குங்கள், கடைக்குக் காந்தம் கொண்டுபோங்கள். ஒட்டாவிட்டால் அசல் 304 ரக ஸ்டீல்.
என் கதை வேறு. ஃபிளாஸ்கில் பால் டீயை வைத்துவிட்டு சனி, ஞாயிறு மறந்துவிட்டேன். திங்கள்கிழமை மூடியை ஒரு சுற்றுச் சுற்றினேன், டப்பென்று சீலிங்கில் அடித்தது. பக்கத்து சீட்டுக்காரர் சட்டை முழுக்கப் புளித்த டீ. இன்றுவரை என்னோடு சாப்பிட வருவதில்லை.

பாத்திரக்கடைப் பேரன்:
நைட் ஷிப்ட், காந்தத்தை நம்பி ஏமாறாதீர்கள். 304 ஸ்டீலில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். மலிவான 202 ரகத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள். அதிலும் காந்தம் ஒட்டாது. நல்ல 304லேயே அழுத்தி வளைத்த கழுத்துப் பகுதியில் லேசாக ஒட்டும். நானே அப்படி ஒரு நல்ல பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "304" என்று அச்சடித்த இன்னொன்றை வாங்கி வந்தவன். மூன்றே மாதத்தில் அடியில் பற்றவைத்த இடத்தில் துரு. என் அனுபவம் அவ்வளவுதான்.
கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள், ஸ்டீல், செம்பு பாட்டில்களுக்கு அதைக் கட்டாயமாக்கி 2023இல் மத்திய அரசு உத்தரவு போட்டது. கை நுழைகிற வாய் இருக்கட்டும், பிரஷ் எல்லாம் நான்கு நாளைக்குத்தான். குழந்தைக்கு ஸ்ட்ரா வேண்டவே வேண்டாம். ஒரு லிட்டர் பாட்டிலைப் பையில் திணிக்காதீர்கள், தண்ணீரே ஒரு கிலோ, ஸ்டீல் எடை தனி. சூடு தாங்கும் பாட்டிலில் வெந்நீர் ஊற்றியதும் வெளிப்பக்கம் சுடுகிறதா? நடுவில் இருந்த வெற்றிடம் போய்விட்டது, இனி அது சாதாரண பாட்டில்தான். ஃப்ரீசரிலும் வைக்காதீர்கள். கடையில் வாங்கின மினரல் வாட்டர் பாட்டிலையே மாதக்கணக்கில் நிரப்புகிறவர்களுக்கு: அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று இருக்கும், அது பெட் (PET) என்கிற பிளாஸ்டிக். வெந்நீர் ஊற்றினால் சுருங்கிப்போவதைப் பார்த்திருப்பீர்கள்.

செம்புக்குடம்:
நைட் ஷிப்ட், பாட்டில்மேல் தப்பில்லை, ஜூஸ் ஊற்றியவள்மேல்தான் தப்பு என்று எழுதியிருக்கிறேனே. பாலை மூன்று நாள் ஊறவைத்தவர் சொல்ல வந்துவிட்டார்.

மேட்டுப்பாளையம் பஸ்:
ஊட்டி போகும் வழியில் பர்லியாறு செக்போஸ்ட். சீல் உடைக்காத பிளாஸ்டிக் பாட்டில் ஆறையும் இறக்கி வைக்கச் சொன்னார்கள். நீலகிரியில் தடை என்று தெரிந்தும், அட்டைப்பெட்டிக்கு அடியில் வைத்தால் தெரியாது என்று நினைத்தது என் தம்பி. மேலே போய் வாட்டர் ஏ.டி.எம்.மில் என் ஸ்டீல் பாட்டிலை நீட்டினேன். அதன் வாயோ ஐந்து ரூபாய் நாணயம் அகலம். பாதித் தண்ணீர் உள்ளே, பாதி என் ஷூவில். அந்தக் குளிரில் ஈர சாக்ஸோடு தொட்டபெட்டா பார்த்தேன்.

கரூர்க்காரி:
பேரன், எல்லாம் சரி. அந்த வளையம் மட்டும் தனியாகக் கிடைக்குமா? இங்கே மூன்று கடையில் கேட்டுவிட்டேன், குக்கர் கேஸ்கெட்டை எடுத்து நீட்டுகிறார்கள்.